அரையடி மேடு: டெல்டாவில் கூடாரம் போட்டு இரவு தங்க

மலைக்காட்டில் கூடாரம் போடுவதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பாதி நம் ஊருக்கு உதவாது. கல்லை அடுக்கி அடுப்பு மூட்டு என்பார்கள். கும்பகோணத்துக்குக் கிழக்கே வயலில் தேடினால் ஒரு கல் கிடைக்காது, எல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பார்கள். இங்கே வாய்க்கால் தண்ணீரில் உரமும் பூச்சிமருந்தும் கரைந்திருக்கும், காய்ச்சினாலும் அவை போகாது. சரிவு பார்த்துப் படு என்பார்கள். நம் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தத் தெரியாத அரையடிதான் காவிரிப் பாசனப் பகுதியில் இரவு நனையாமல் தூங்குவதா, நடுநிசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதா என்பதை முடிவு செய்கிறது.

முதலில், எங்கே தங்கக் கூடாது. கோடியக்கரை சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரம் ஆகியவை வனத்துறைக்கு உட்பட்டவை. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நெருப்பு மூட்டினால் வழக்கு இன்னும் பெரிது. பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் போனாலும் காப்புக்காட்டில் இதே கதைதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபின் விதிகள் இன்னும் இறுகிவிட்டன. ஆற்றுப் படுகையும் கரையும் பெரும்பாலும் அரசு நிலம். ஆகவே எளிய வழி, தெரிந்தவருடைய பட்டா நிலம்: மாந்தோப்பு, கடலோரமென்றால் சவுக்குத் தோப்பு, அறுவடை முடிந்த திடல். உரிமையாளரிடம் நேரில் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரவில் தோப்பில் வெளிச்சம் தெரிந்தால் தேங்காய்த் திருடர் என்றுதான் ஊர் நினைக்கும், கம்போடு வந்துவிடுவார்கள்.

எப்போது போவது

தை பிற்பாதியிலிருந்து பங்குனி முடியும்வரை நல்ல காலம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குப் பிறகு முறைவைத்து வாய்க்காலுக்கு வாய்க்கால் பிரித்துவிடுவார்கள். பகலில் புழுதி பறந்த வாய்க்காலில் விடியற்காலை இடுப்பளவு தண்ணீர் ஓடும். மதகைத் தூக்குகிறவர் உங்களிடம் சொல்லிவிட்டுத் தூக்கமாட்டார். தண்ணீர் வரும் மாதங்களில் காய்ந்த வாய்க்காலுக்குள்ளோ அதன் உள்சரிவிலோ படுக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே பல வயல்களில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். நெல்தாள் மட்டும் நிற்கிறதே என்று வயலில் கூடாரம் அடித்துவிடாதீர்கள், தாளுக்கடியில் உளுந்துச் செடி விரற்கடை உயரத்தில் இருக்கும். சித்திரை, வைகாசியில் புழுக்கம் தாங்காது, கோடை இடியும் சேர்ந்துகொள்ளும். வெட்டவெளியில் தனித்து நிற்கும் பனையும் தென்னையும் இடியை இழுக்கும். மேற்கே கறுத்தால் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுவதுதான் சரி.

கொள்ளிடம் தனி. உபரி நீரெல்லாம் முக்கொம்பில் அந்தப் பக்கம்தான் திருப்பப்படும். மணல் திட்டு அழகாக, சமமாக, வேண்டிய அளவு அகலமாக இருக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் அணை நிரம்பியிருக்கும் பருவத்தில் அங்கே படுப்பது தற்கொலைக்குச் சமம். வறண்ட காலத்திலும் மணல் அள்ளிய பள்ளங்களில் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும். அணைக்கரைப் பக்கமும், சிதம்பரம் வட்டத்தில் பழைய கொள்ளிடத்திலும் முதலை உண்டு. அங்கே மடுவில் குளிப்பதும் இருட்டில் பாத்திரம் கழுவ இறங்குவதும் கூடாது.

இடம் பிடிப்பது

இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். இடம் பார்க்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

மேட்டைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, செடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கலாம். கோரையும் நாணலும் நின்றால் தாழ்வு. எருக்கு, துத்தி, நெருஞ்சி இருந்தால் தண்ணீர் தங்காத இடம். வேலியில் சருகாகிப்போன ஆகாயத்தாமரை தொங்கினால் சென்ற மழைக்கு வெள்ளம் அந்த உயரம் வந்திருக்கிறது என்று பொருள். மரத்தின் அடியில் வண்டல் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நண்டு வளையின் வாயில் ஈரமண் உருண்டை கிடந்தால் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. மேலே எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும் விடியும்போது பாய் ஈரமாகிவிடும். ஊர்க்காரர்கள் களத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஏறாத இடத்தில்தான் நெல்லைக் கொட்டுவார்கள். அறுவடைக்குப்பின் தெற்கேயிருந்து ஆட்டுக் கிடையோடு வந்து மாதக்கணக்கில் வெளியிலேயே தங்கும் கீதாரிகள் குடில் போட்ட அடையாளம் கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. அதற்காகக் கிடை இருந்த இடத்திலேயே படுத்துவிடாதீர்கள், உண்ணி ஏறும்.

மேடு கிடைத்ததும் இரண்டு சோதனை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தலைமாட்டை எதிர்ப்பக்கம் வையுங்கள். ஓடாமல் அப்படியே குளமாக நின்றால் இன்னும் நாலடி தள்ளிப் போங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். தென்னைக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். காய் விழாவிட்டாலும் மட்டை விழும், ஒரு காய்ந்த மட்டை கூடாரத்தைக் கிழிக்கப் போதும். மாமரத்தில் இலைகளைப் பின்னித் தைத்த உருண்டைகள் தெரிந்தால் அது முசுறுக் கூடு; கயிறு கட்டிய அரைமணியில் கயிறு வழியாகவே இறங்கி வரும். வேம்பும் புங்கமும் நல்லவை. சவுக்குத் தோப்பில் சருகு மெத்தென்று இருக்கும், படுக்கச் சுகம், ஆனால் நெருப்பு பட்டால் பற்றி ஓடும். அங்கே சமையலைத் தோப்புக்கு வெளியே மணலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல் போர், எலி வளை நிறைந்த வரப்பு, கறையான் புற்று, வெடித்த களிமண் தரை ஆகியவற்றிலிருந்து இருபது முப்பது அடி தள்ளியே இருங்கள். அறுவடை முடிந்த வயலில் எலி திடலுக்கு ஏறும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

தார்ப்பாய்க் கூடாரம்

கடையில் விற்கும் மடக்குக் கூடாரம் மலைக்குளிருக்குச் செய்தது. டெல்டாவில் அதற்குள் மூச்சுமுட்டும். 12-க்கு 9 அடித் தார்ப்பாய் ஒன்றும் கொசுவலையும் இருந்தால் மூன்று பேருக்குப் போதும், செலவும் அதில் பாதிகூட வராது. கூடவே 9-க்கு 6 அடித் தரைவிரிப்பு ஒன்று, 4 மில்லிமீட்டர் நைலான் கயிறு 25 மீட்டர், ஒன்றரை அடி நீளத்தில் கூராக்கிய மூங்கில் முளை எட்டு, ஒரு சுத்தியல், ஒரு மண்வெட்டி. அலுமினிய முளைகள் காய்ந்த களியில் வளையும், ஈரக்களியில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்; மூங்கில் இரண்டிலும் நிற்கும்.

பன்னிரண்டு பதினைந்து அடி இடைவெளியில் உள்ள இரண்டு மரங்களுக்கிடையே நாலடி உயரத்தில் கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். தார்ப்பாயின் 9 அடிப் பக்கம் கயிற்றோடு போகும்படி நடுவில் போட்டால் இருபுறமும் ஆறாறு அடி தொங்கும். அதை இழுத்து முளையடித்தால் தரையில் ஏறக்குறைய ஒன்பது அடி அகலம் கிடைக்கும். ஓரத்தில் ஒவ்வொரு அடி குனிந்துதான் இருக்கும், அங்கே பையை வையுங்கள். முளையை நேராக அடிக்காமல் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, முக்கால் பங்கு மண்ணுக்குள் போகும்வரை அடியுங்கள்.

மலிவுத் தார்ப்பாயில் முதலில் போவது மூலையிலுள்ள வளையக் கண்தான். கிழிந்தால் பதற வேண்டாம். தோப்பில் உதிர்ந்து கிடக்கும் குரும்பை ஒன்றைப் பாயின் உட்பக்கம் வைத்து, வெளியிலிருந்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப்போட்டு இறுக்குங்கள். கண்ணைவிட உறுதியாக நிற்கும். கடலோர மணலில் எந்த முளையும் நிற்காது. அங்கே சிமெண்டுச் சாக்கைத் துண்டாக வெட்டி, மணல் கட்டி, நடுவில் கயிறு முடிந்து ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்து விடுங்கள்.

தையில் இரவுக் காற்று வாடை, வடக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்துப் பாயைத் தரையோடு அடித்து, எதிர்ப்பக்கத்தை ஒரு சாண் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் மாலைக்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், அப்போது திறப்பை அந்தப் பக்கம் வையுங்கள். குளிருகிறதென்று இரு முனைகளையும் மூடினால் மூச்சுக்காற்று பாயின் உள்பக்கம் நீராய்ப் படிந்து விடிகாலையில் சொட்டும். ‘கூடாரம் ஒழுகுகிறது’ என்று சொல்பவர்களில் பலருக்கு ஒழுகுவது அவரவர் மூச்சுதான்.

பனி இறங்கினால் நைலான் கயிறு தளரும். படுக்கும்முன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். மேல்கயிற்றின் வழியே நீர் உள்ளே ஓடிவருவதைத் தடுக்க, பாய் தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் வெளியே கயிற்றில் ஒரு துணிக்கந்தலைக் கட்டித் தொங்கவிடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். தரைவிரிப்பு தார்ப்பாயின் நிழலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பனிநீரை ஏந்தி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

மெத்தைக்கு வைக்கோல் பரப்பலாமே என்று தோன்றும். புது வைக்கோலின் சுணை இரவெல்லாம் அரிக்கும், எலியையும் அழைக்கும். கோரைப்பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாலே போதும். கொசுவலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது, நாலு பக்கமும் கோரைப்பாய்க்கு அடியில் ஒரு முழம் செருக வேண்டும். இது கொசுவுக்காக மட்டும் சொல்வதல்ல.

பாம்பு

கட்டுவிரியன் இரவில் திரிவது, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிப்பது. வலி பெரும்பாலும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். அடியில் செருகிய வலைதான் அதற்குச் சரியான காப்பு. பூண்டு, மஞ்சள், உப்புக்கோடு எதுவும் தடுக்காது. செருப்பையும் கழற்றிய துணியையும் வலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, போடும்முன் உதறுங்கள். இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். விறகை இருட்டியபின் கையால் துழாவி எடுக்காதீர்கள்.

விடிகாலையில் ஒருவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலி, இமை கனத்து மூடுவது, விழுங்கமுடியாமை, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் கட்டுவிரியன் கடியாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எந்தப் பாம்புக் கடியானாலும் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் ஒரு குச்சியோடு துணியால் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. புறப்படும் முன்பே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம், எந்தச் சாலை என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொதுவானது.

பாம்பைவிடப் பலர் மறந்துவிடும் ஆபத்து ஒன்று இருக்கிறது: எலிக்கும் பன்றிக்கும் சிலர் திருட்டுத்தனமாக வயலைச் சுற்றி இழுக்கும் மின்கம்பி. இரவில் வரப்பில் நடக்கவே நடக்காதீர்கள். எந்தெந்தக் கொல்லையில் கம்பி இருக்கிறதென்று பகலிலேயே உரிமையாளரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர், அடுப்பு, கழிப்பிடம்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். நாலு பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன் மாலையிலிருந்து மறுநாள் மதியம்வரை வரும். அடிபம்பு கிடைத்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கிக் குடிக்கலாம். வேதாரண்யம், நாகைக் கரையோரம் பல இடங்களில் அடிபம்பும் உப்பு. அங்கே முழுவதையும் கொண்டுதான் போக வேண்டும். குழம்பிய ஆற்றுநீரைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்தலாம், தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் அரைமணியில் தெளியும். தெளிந்ததெல்லாம் குடிக்கலாகாது. காலில் புண் இருந்தால் வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

அடுப்புக்கு மூன்று செங்கல் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் தரையில் குழியடுப்பு: ஒரு சாண் அகலம், இரண்டு முழ நீளம், முக்கால் அடி ஆழம், காற்று வரும் பக்கம் வாய், அந்த வாய் சரிவாக இருக்கட்டும். பாத்திரம் குழியின் இரு கரைமேலும் உட்கார வேண்டும். பின்முனையில் நாலு விரல் இடைவெளி விட்டால்தான் புகை போகும், விடாவிட்டால் தீ மூச்சடைத்து அணைந்துபோகும். ஈரக் களிமண் கட்டிகளை அடுப்புக்கட்டியாக வைக்காதீர்கள், சூடேறினால் வெடித்துச் சிதறும். சுற்றிலும் பத்தடிக்குத் தாள், சருகு எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளிவிட்டுப் பற்றவையுங்கள்.

பற்றவைக்கத் தென்னம்பாளை, பிறகு மட்டை, நின்று எரியச் சீமைக்கருவேல் விறகு. நாலு பேர் இரவுச் சோற்றுக்கும் காலைத் தேநீருக்கும் ஐந்து கிலோ விறகு தாராளம். தேங்காய் நாரை அடுப்பின் ஓரத்தில் புகையவிட்டால் கொசு கொஞ்சம் விலகும். அரளியை விறகாகவோ கிளறும் குச்சியாகவோ எடுக்காதீர்கள், முழுச்செடியும் விஷம். உப்பங்கழி ஓரங்களில் தில்லை மரத்தை ஒடிப்பதும் எரிப்பதும் இன்னும் மோசம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், புகையும் எரிச்சலூட்டும்.

சமையலில் பெருமை வேண்டாம். முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் இருட்டுக்குள் அடுப்போடு போராட வேண்டியதில்லை. காலைக்கு ஆளுக்கு 100 கிராம் வறுத்த ரவை, இரண்டரைப் பங்கு தண்ணீர், வீட்டிலேயே தாளித்துப் பொட்டலம் கட்டிய கடுகு, மிளகாய், கறிவேப்பிலை. பத்து நிமிடத்தில் உப்புமா.

கழிப்பிடம் வாய்க்கால், குளம், கிணறு எதிலிருந்தும் இருநூறு அடி தள்ளி இருக்க வேண்டும். டெல்டாவில் இதுதான் கடினம், எங்கே திரும்பினாலும் ஒரு வாய்க்கால் குறுக்கே வரும். எனவே வந்தவுடன் வெளிச்சத்திலேயே இடம் குறித்து, ஆளுக்கொரு குழியாக அரையடி ஆழத்தில் தோண்டி, எடுத்த மண்ணை ஓரத்தில் குவித்து வையுங்கள். அதைவிட ஆழம் போனால் மக்காது. களியில் ஈரமும் ஊறிவிடும். உரிமையாளர் வீட்டுக் கழிப்பறை கிடைத்தால் வீம்பு பாராமல் அதையே பயன்படுத்துங்கள்.

கிளம்பும்போது

தீயை மண்போட்டு மூடுவது போதாது, மண்ணுக்கடியில் கங்கு ஒரு நாள்கூடக் கிடக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்றானபின் குழியை மூடுங்கள். முளை பிடுங்கிய ஓட்டைகளையும் மிதித்து அடைத்துவிடுங்கள், மாட்டின் கால் சிக்கும். நைலான் கயிற்றுத் துண்டு, பிளாஸ்டிக் உறை ஒன்றும் விடாதீர்கள். மாடு தின்னும், அடுத்த உழவில் கலப்பையில் சுற்றும். தார்ப்பாயை வீட்டுக்குப் போனதும் வெயிலில் விரித்துக் காயவைத்த பிறகே மடியுங்கள், பனியோடு மடித்தால் பூசணம் பிடித்து மடிப்பு வழியாகவே கிழியும்.

திரும்பிவந்து மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், தரையில் படுத்திருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எங்காவது கருகிய பொட்டுப்போல வலியில்லாத புண் இருக்கிறதா என்றும் பாருங்கள்; உண்ணிக்காய்ச்சலாக இருந்தால் உரிய மாத்திரையில் சீக்கிரம் கேட்கும், தள்ளிப்போட்டால்தான் சிக்கல்.